14,000 ரூபா கிட்டாருக்கு அதவிட விலையான பிக்கப்: சீமோர் டங்கன் எஸ்எஸ்எல்-1 பிக்கப் செட்டும் ஸ்டீல் ப்ளாக் பிரிட்ஜும், 8 மாசம் வாசிச்சப்புறம்

மொதல்லயே சொல்லிடறேன், நான் பெரிய கை எல்லாம் இல்ல. வாரநாள்ல ஆபீஸ், சனி ஞாயிறு வந்தா ஒரு மெல்லிசைக் குழுவுல கிட்டார். கல்யாண ரிசப்ஷன், ஆடி மாசம் அம்மன் கோயில் திருவிழா, எப்பயாச்சும் ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ், அவ்ளோதான். கிட்டார் ஒரு ஸ்ட்ராட் காப்பி, அதாவது ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரப் பாத்து செஞ்சது, 7 வருஷம் முன்னாடி 14,000 ரூபாய்க்கு வாங்கினது. பிராண்ட் பேரு வேணாம், அந்த விலைக்கு யாரு செஞ்சாலும் ஏறக்குறைய இதேதான் வரும், நெக் நல்லா இருக்கும், ஃப்ரெட்டு ஓரளவு சமமா இருக்கும், உள்ள போற எலக்ட்ரானிக்ஸ்லயும், ஸ்ட்ரிங்கோட அடிமுனைய பாடில பிடிக்கற பிரிட்ஜ்லயும்தான் கையைக் கட்டிட்டு செலவு பண்ணிருப்பாங்க.

எனக்கு ரெண்டு பிரச்சனை. ஒண்ணு சவுண்டு. எங்க குழுவுல ஆம்ப்ளிஃபையர் எல்லாம் தூக்கிட்டுப் போறதில்ல, மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்லேர்ந்து நேரா மிக்ஸர்தான், அதுல என் கிட்டார் மட்டும் தகரத்துல ஆணியால கீறுற மாதிரி கேக்கும். மைக்செட் அண்ணன் ஒவ்வொரு தடவையும் "தம்பி, உன் கிட்டார் காதுல குத்துதுப்பா"ன்னு சொல்லிட்டே ஹை-யை குறைப்பாரு, அவரு குறைச்சதும் கிட்டார் இருக்கற எடமே தெரியாது. ரெண்டாவது ட்யூனிங். ஒரு பாட்டுல ட்ரெமோலோ ஆர்மை (பிரிட்ஜுல சொருகற கம்பி, ஆட்டினா ஸ்ருதி ஏறி எறங்கும்) ரெண்டு தடவை லேசா ஆட்டினா போதும், அடுத்த பாட்டுக்கு ஜி ஸ்ட்ரிங் எறங்கி நிக்கும், பாடற அக்கா திரும்பி ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அதுக்கு பேசாம திட்டியே இருக்கலாம்.

புது கிட்டார் வாங்கிடலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா இந்த நெக் கைக்கு பழகிப்போச்சு, கண்ண மூடிட்டு 12ஆவது ஃப்ரெட் எங்கன்னு கை போய் நிக்குது, அத விட மனசு வரல. அதனால பிக்கப் (ஸ்ட்ரிங் ஆடறத கரண்டா மாத்தற காந்தச் சுருள்), பிரிட்ஜ் ரெண்டையும் மாத்தறதுன்னு முடிவு பண்ணேன். ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினா எது என்ன பண்ணுச்சுன்னு தெரியாம போயிடும்னு, ஏப்ரல்ல பிரிட்ஜ், மே மாசம் பிக்கப். மாத்தறதுக்கு முன்னாடி, பிரிட்ஜுக்கு அப்புறம், பிக்கப்புக்கு அப்புறம்னு மூணு தடவை ஒரே கேபிள், ஒரே இன்டர்ஃபேஸ், ஒரே லெவல், ஒரே செட் புது ஸ்ட்ரிங் போட்டு ரெக்கார்ட் பண்ணி வச்சேன். இத ஏன் சொல்றேன்னா, காசு செலவு பண்ணவன் காதை நம்பவே கூடாது, அது செலவுக்கு நியாயம் சொல்லத்தான் பாக்கும், என் காதும் சேத்துதான்.

பிரிட்ஜ் கதையில மொத அடி எனக்குத்தான் விழுந்துச்சு. ஸ்ட்ராட் பிரிட்ஜுன்னா எல்லாம் ஒரே சைஸ்னு நெனச்சுட்டிருந்தேன். இல்லீங்க. 1954ல ஃபெண்டர் ஸ்ட்ராட் வந்தப்ப இருந்த 6 ஸ்க்ரூ பிரிட்ஜுல மொத ஸ்க்ரூவுக்கும் கடைசி ஸ்க்ரூவுக்கும் நடுவுல 56 மிமீ சொச்சம், நம்ம ஊர்ல விக்கற பட்ஜெட் கிட்டார்ல பெரும்பாலும் 52.5 மிமீ. 4 மிமீ தானேன்னு தோணும், ஆனா ஓட்டை மேல ஓட்டை உக்காராது, பாடில புதுசா ட்ரில் போடணும். இத நான் அளந்துட்டேன், ஸ்கேல் வச்சு ரெண்டு தடவை. எத அளக்கல தெரியுமா? பாடி கனம். ஒரிஜினல் ஸ்ட்ராட் பாடி 44, 45 மிமீ இருக்கும், அதுக்கு செஞ்ச ப்ளாக் (பிரிட்ஜுக்கு அடில பாடிக்குள்ள எறங்கற உலோகக் கட்டை) 40 மிமீக்கு மேல ஆழம். என் கிட்டார் பாடி 40 மிமீ தான். புது பிரிட்ஜ் ஜம்முனு உக்காந்துச்சு, கிட்டார திருப்பிப் பாத்தா ப்ளாக் பின்பக்கம் எட்டிப் பாக்குது, ஸ்டூல்ல கால் வெளிய நீட்டிட்டிருக்கற மாதிரி. மூடி போட முடியாது, வாசிக்கும்போது பெல்ட் பக்கிள்ல இடிக்கும். அளக்காம வாங்கினது என் தப்பு, திருப்பி அனுப்பி, அடுத்து வில்கின்சன் முத்திரை போட்ட 52.5 மிமீ ஸ்பேசிங், கம்மி ஆழ ஸ்டீல் ப்ளாக் ஒண்ணு வாங்கினேன். நீங்க வாங்கறதுக்கு முன்னாடி பின் மூடியக் கழட்டி, உங்க பழைய ப்ளாக்கோட ஆழத்த அளந்து, ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, இது ஒண்ணு செஞ்சா போதும் பாதி தலைவலி மிச்சம்.

பழைய ப்ளாக்க கழட்டி கையில வச்சுப் பாத்தேன், சிங்க் வார்ப்பு, விரல் கனம்கூட இல்ல, பிஸ்கட் மாதிரி இருக்கு. புதுசு எடுத்தா கை கீழ போகுது. ஸ்ட்ரிங் உக்கார்ற சேடில் பழசுல உருக்கி ஊத்தின மெட்டல், உள்ள இருக்கற குட்டி ஹெட்லெஸ் ஸ்க்ரூ ரெண்டு துருப்பிடிச்சு அலன் கீ போட்டா வழுக்கிட்டு சுத்துது, பெரம்பூர்ல கடல் காத்து அவ்ளோ இல்லன்னு பேரு, ஆனா மெட்ராஸ் ஈரமும் கை வேர்வையும் சேந்தா போதும், 7 வருஷத்துல எந்த ஸ்க்ரூவும் தாங்காது. புது சேடில் வளைச்ச ஸ்டீல் தகடு, பழைய ஸ்ட்ராட்ல இருக்கற மாதிரி. ஸ்ட்ரிங் உக்கார்ற எடம் வழவழன்னு இருக்கு. முன்னாடி எனக்கு மேல் இ ஸ்ட்ரிங் எப்பவும் சேடில் மேலதான் அறுந்துட்டிருந்துச்சு, இந்த 8 மாசத்துல அங்க ஒண்ணுகூட அறுந்ததில்ல.

மாத்தறது கஷ்டம் இல்ல, பொறுமைதான் வேணும். 6 ஸ்க்ரூவையும் இறுக்கி முறுக்கக் கூடாது, பிரிட்ஜ் முன்னுக்குப் பின்ன ஆடணும், ஓரத்துல ரெண்டு ஸ்க்ரூவ மட்டும் தகடுக்கு மேல பட்டும் படாம வச்சுட்டு நடுவுல நாலையும் கொஞ்சம் தூக்கி விட்டுடணும். எனக்கு ரெண்டு ஓட்டை லூசாயிருந்துச்சு, பல் குத்துற குச்சி ரெண்டு உடைச்சு ஃபெவிகால் தடவி சொருகி ராத்திரி முழுக்க காய விட்டேன், காலைல கிண்ணுனு பிடிச்சுது. ஆர்ம் போடற ஓட்டைல கடகடன்னு ஆட்டம் இருந்துச்சு, ப்ளம்பர் சுத்தற டெஃப்லான் டேப்ப மரைல ரெண்டு சுத்து சுத்தி விட்டேன், இன்னிய வரைக்கும் நிக்குது.

அப்புறம் ஸ்ப்ரிங். பின்னாடி இருக்கற ஸ்ப்ரிங்கும் முன்னாடி இருக்கற ஸ்ட்ரிங்கும் கயிறு இழுக்கற போட்டி மாதிரி இழுத்துட்டே இருக்கும், 9-42 கனத்து ஸ்ட்ரிங் செட் போட்டு நார்மல் ட்யூனிங் வச்சா ஆறு ஸ்ட்ரிங்கும் சேந்து 38 கிலோ சொச்சம் இழுக்கும், அந்தப் பக்கம் ஸ்ப்ரிங் அதே அளவுக்கு ஈடு குடுக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கடைல செட்டப்புக்குக் குடுத்திருந்தேன், ஸ்ப்ரிங்க எப்படியோ முறுக்கி அனுப்பிட்டாங்க, பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிட்டு முன்பக்கமா சாஞ்சு நின்னுச்சு, நான் அதுதான் சரின்னு ரெண்டு வருஷம் வாசிச்சிருக்கேன். இப்ப 4 ஸ்ப்ரிங் போட்டு பிரிட்ஜ் பாடில படிஞ்சு உக்கார்ற மாதிரி வச்சிருக்கேன். ஆர்ம கீழ அமுக்கலாம், மேல இழுக்க முடியாது, எனக்கு மேல இழுக்கற வேலையே இல்ல. ஒரு ஸ்ட்ரிங் அறுந்தாலும் மத்த அஞ்சும் ட்யூனிங்ல நிக்கும், மேடைல இது எவ்ளோ பெரிய விஷயம்னு வாசிக்கறவங்களுக்குத் தெரியும். இங்கிலாந்து கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் அஞ்சு ஸ்ப்ரிங்கும் போட்டு ஒரு மரக்கட்டையும் சொருகி பிரிட்ஜ அசையவே விடாம வச்சிருந்தவரு, அவருக்கே அது வேணாம்னா நமக்கு எதுக்கு.

இன்னொண்ணு, இது பிரிட்ஜ் மாத்தாமலே பண்ணிருக்க வேண்டியது. ட்யூன் பண்ணும்போது தலைப்பக்கம் நட்டுல "டிங்"னு ஒரு சத்தம் வருதா, அப்ப ஸ்ட்ரிங் நட்டுல மாட்டிட்டு நிக்குதுன்னு அர்த்தம், நீங்க எவ்ளோ விலைல பிரிட்ஜ் போட்டாலும் ட்யூனிங் நிக்காது. நடராஜ் பென்சில் சீவின முனைய அந்தப் பள்ளத்துல நல்லா தேச்சு விடுங்க. பிரிட்ஜ் மாத்தினப்புறமும் ஜி ஸ்ட்ரிங் கொஞ்சம் எறங்கிட்டேதான் இருந்துச்சு, பென்சில் தேச்ச அன்னிக்குத்தான் நின்னுச்சு. அதனால ட்யூனிங் சரியானதுல பிரிட்ஜுக்கு எவ்ளோ பங்கு, அஞ்சு ரூபா பென்சிலுக்கு எவ்ளோ பங்குன்னு கேட்டா எனக்கு கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

சரி, சவுண்டு? ஸ்டீல் ப்ளாக் போட்டா சஸ்டைன் (நோட்டு நீண்டு ஒலிக்கறது) கூடும், டோன் கனமாகும், மணி மாதிரி ஒலிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. போட்ட அன்னிக்கு எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு, சத்தியமா. அப்புறம் மொத ரெக்கார்டிங்கயும் ரெண்டாவதையும் பேரு மாத்தி எங்க கீபோர்ட் அண்ணனுக்கு அனுப்பினேன், அவரு காது பொல்லாத காது, தபேலா அரை ஸ்ருதி விலகினா மேடைலயே மூஞ்சிய சுளிப்பாரு. ரெண்டும் ஒண்ணுதானே எதுக்கு ரெண்டு தடவை அனுப்பினன்னு கேட்டாரு. நானே பேரு தெரியாம மாத்தி மாத்திக் கேட்டேன், பத்துல அஞ்சு தப்பு, அதாவது பூவா தலையா போட்டுச் சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணு. நோட்டு நீட்டிப் பிடிச்சா கடைசில ஒரு இழை கூட நிக்கற மாதிரி இருக்கு, ஆனா கச்சேரில அந்த நேரத்துக்குள்ள ட்ரம்ஸ் வந்து மூடிடும். ஆக என் கணக்குல பிரிட்ஜ் மாத்தறது டோனுக்கு இல்ல, ட்யூனிங்குக்கும் கைக்கும்தான். உள்ளங்கைய வச்சு ம்யூட் பண்ணும்போது பழைய சேடில்ல ஸ்க்ரூ முனை குத்தும், இதுல குத்தல, அதுவே எனக்குப் போதும்.

பிக்கப் அப்படி இல்ல. அது வேற கதை.

பழைய பிக்கப்ப கழட்டி கீழ்ப்பக்கம் பாத்தா ஒரு கருப்பு செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும், மேல தெரியற ஆறு கம்பியும் வெறும் இரும்புதான், காந்தம் இல்ல. அல்நிகோ பிக்கப்புல அந்த ஆறு கம்பியுமே காந்தம், அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது, அதான் அந்தப் பேரு. கம்பியச் சுத்தி முடி கனத்துல காப்பர் ஒயர் ஆயிரக்கணக்குல சுத்தியிருக்கும், ஸ்ட்ரிங் ஆடும்போது காந்தப்புலம் ஆடும், ஒயர்ல கரண்ட் வரும், ஸ்கூல்ல ஃபாரடே விதின்னு மனப்பாடம் பண்ணோமே அதேதான். செராமிக்னாலே மட்டம்னு நான் சொல்லல, செராமிக் போட்ட நல்ல பிக்கப்பும் இருக்கு, ஆனா மலிவு கிட்டார்ல போடற அந்த வகை எனக்கு எப்பவும் மேல் பக்கம் கூர்மையா, நடுவுல ஒண்ணுமில்லாமத்தான் கேட்டிருக்கு.

நான் எடுத்தது சீமோர் டங்கன் எஸ்எஸ்எல்-1, மூணும், நடு பிக்கப் மட்டும் ரிவர்ஸ் சுத்து (ஒயர எதிர்ப்பக்கமா சுத்தின) வகை. கலிஃபோர்னியா சாண்டா பார்பராவுல 1976லேர்ந்து பிக்கப் பண்ற கம்பெனி. எஸ்எஸ்எல்-1 அவங்க லிஸ்ட்ல ரொம்ப சாதுவான பிக்கப், அல்நிகோ 5 காந்தம், 6.5 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ், 50கள்ல வந்த ஸ்ட்ராட் மாதிரி சவுண்டு வேணும்ங்கறவங்களுக்கு. இன்னும் சூடா வேணும்னா எஸ்எஸ்எல்-5 இருக்கு, பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் தன்னோட கருப்பு ஸ்ட்ராட்ல பிரிட்ஜ் பக்கம் போட்டிருந்த வகை, அந்த கிட்டார் 2019ல ஏலத்துல கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போச்சு. என் கிட்டார் ஏலத்துக்குப் போனா பிக்கப்ப மட்டும் கழட்டிட்டு மிச்சத்த விட்டுட்டுப் போவாங்க, ஏன்னா டெலிவரி கஸ்டம்ஸ் எல்லாம் சேத்துப் பாத்தா இந்த மூணு பிக்கப்பும் கிட்டார் விலையத் தாண்டிடுது. கஸ்டம்ஸ்க்கு பயந்து நியூஜெர்சில இருக்கற சித்தப்பா பையன் கிட்ட சொல்லி வச்சு, அவன் பொங்கலுக்கு வரும்போது சாக்லேட்டுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் நடுவுல கொண்டு வந்தான், அப்பயும் விலை விலைதான்.

சித்திரை வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு, ஃபேன் போட்டா சால்டரிங் அயன் சூடு எறங்குதுன்னு ஃபேனயும் நிறுத்திட்டு உக்காந்தேன். மல்டிமீட்டர்ல அளந்தா 6.5 வரல, 6.8 சொச்சம் காட்டுது. போச்சு, டூப்ளிகேட் தள்ளி விட்டுட்டாங்கன்னு வயித்துல புளியக் கரைச்சுது. அப்புறம்தான் உரைச்சுது, காப்பர் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம், அவங்க அளந்தது 20 டிகிரி ரூம்ல இருக்கும், நான் உக்காந்திருக்கறது பெரம்பூர் மொட்டமாடிக்குக் கீழ் ரூம்ல. மறுநாள் ஏசி ரூம்ல வச்சு அளந்தேன், எறங்கிடுச்சு.

சாமான் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்தான். 25 வாட் சோல்ட்ரான் அயன், 60/40 ஈயம், கொஞ்சம் ஃப்ளக்ஸ், ஷீல்டிங்குக்கு காப்பர் டேப், டோன் கன்ட்ரோலுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், மேல 473ன்னு போட்டிருக்கும், சில்லறைக் காசுதான். இந்த கெப்பாசிட்டர்லயே ஆயிரக்கணக்குல விக்கறாங்க, ஆயில் போட்டது, பழைய காலத்து டிசைன்னு, மதிப்பு ஒண்ணா இருந்தா எனக்கு வித்தியாசம் தெரியல. பாட்டு கேக்கற பாட்டு இல்ல, வால்யூம் பாட்டு (பொட்டென்ஷியோமீட்டர், வால்யூம், டோன் குமிழுக்கு அடில இருக்கறது), அத மாத்தறது முக்கியம். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு (என்னுது மாதிரி ஒரே சுருள்) 250கே, அதாவது 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு (ரெண்டு சுருள் சேத்தது) 500கே, மாத்திப் போட்டா சவுண்டே மாறும், எனக்கு உள்ள 500கே போட்டிருந்தாங்க, பாதி குத்தல் அதனாலதான் போல. நான் சிடிஎஸ் 250கே மூணு வாங்கினேன், தண்டு தடிமனா இருக்கும், பிக்கார்ட் (பிக்கப் மாட்டியிருக்கற பிளாஸ்டிக் தகடு) ஓட்டைல நுழையாது, உருட்டு அரம் வச்சு மெதுவா பெருசு பண்ணணும். பிளாஸ்டிக்தானேன்னு ட்ரில் போட்டுடாதீங்க, விரிசல் விடும்.

ஈயம் பத்த வைக்கறதுல ஒரு விஷயம். பாட் முதுகுல எர்த் ஒயர் வைக்கும்போது 25 வாட் அயன் தடுமாறும், முதுக கொஞ்சம் உப்புத்தாள் போட்டு தேச்சுட்டு, மொதல்ல பாட்ல ஈயம் வச்சுட்டு அப்புறம் ஒயர வைங்க, இல்லன்னா ஈயம் உருண்டையா நிக்கும், பிடிச்ச மாதிரி இருக்கும், பிடிச்சிருக்காது. பின்னாடி ஸ்ப்ரிங் கொக்கிலேர்ந்து வர்ற எர்த் ஒயர மறந்துடாதீங்க, அதுதான் ஸ்ட்ரிங்குக்கு எர்த். நான் எல்லாம் முடிச்சு ஸ்ட்ரிங் போட்டு, ஆசை ஆசையா பெடல்ல சொருகினேன். பிக்கப் மாத்தற சுவிட்சுல அஞ்சு பொசிஷன், ஒண்ணு, மூணு, அஞ்சுல தனித்தனி பிக்கப், ரெண்டு, நாலுல பக்கத்துப் பக்கத்து பிக்கப் ரெண்டும் சேந்து. ஒண்ணு, மூணு, அஞ்சு பொசிஷன் தேன். ரெண்டும் நாலும் கொசு ரீங்காரம் மாதிரி, உள்ளீடே இல்லாம மூக்கால பேசுது. என்னடா இதுன்னு மறுபடி எல்லாத்தயும் பிரிச்சா, நடு பிக்கப்போட வெள்ளை ஒயரயும் கருப்பு ஒயரயும் மாத்தி வச்சிருக்கேன். வெள்ளை சிக்னல், கருப்பு எர்த். மாத்தினா ரெண்டு பிக்கப் சேரும்போது ஒண்ண ஒண்ணு வெட்டிடும். வேற வேற கம்பெனி பிக்கப் கலந்து போட்டாலும் இது வரலாம், அப்ப உங்க தப்புகூட இருக்காது, எந்தப் பக்கம் சுத்தினாங்கங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும். மறுபடி அயன் சூடாக்க அரை மணி, அம்மா உள்ளேர்ந்து "என்னடா கருகுது"ன்னு மூணாவது தடவை கேட்டாங்க.

மாத்தி வச்சுட்டு நாலாவது பொசிஷன்ல ஒரு டி கார்டு போட்டேன். அதுக்கு மேல எனக்கு எழுத வரல, ஆனா ரிவ்யூன்னு ஆரம்பிச்சாச்சு, முயற்சி பண்றேன். மேல் ஸ்ட்ரிங்ல முன்னாடி இருந்த கீறல் போயி ஒரு உருண்டை வந்துச்சு, கீழ் ஸ்ட்ரிங் நுனில பியானோ மாதிரி ஒரு தட்டல். மெதுவா தட்டினா மெதுவா கேக்குது, ஓங்கி அடிச்சா ஓங்கிக் கேக்குது. இது வெளையாட்டு இல்ல, பழசுல எப்படி வாசிச்சாலும் ஒரே குரல்தான். 1977 வரைக்கும் ஸ்ட்ராட்ல மூணு பொசிஷன் சுவிட்ச்தான் கம்பெனிலேர்ந்து வந்துச்சு, வாசிக்கறவங்க சுவிட்ச ரெண்டு கட்டத்துக்கு நடுவுல சிக்க வச்சுத்தான் இந்த ரெண்டாவது நாலாவது சவுண்ட எடுத்தாங்கன்னு படிச்சிருக்கேன், ஏன் அவ்ளோ மெனக்கெட்டாங்கன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

மூணாவது ரெக்கார்டிங்க கீபோர்ட் அண்ணனுக்கு எதுவும் சொல்லாம அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல போன். "டேய், யாரு கிட்டார்டா இது?"

ஹம், அதாவது கரண்ட்னால வர்ற இரைச்சல், அதப் பத்தி சொல்லணும், ஏன்னா சிங்கிள் காயில் வாங்கறவங்க இதுல ஏமாறுவாங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கோயில் திருவிழால ஜெனரேட்டர், சீரியல் செட் லைட்டு, பந்தல் முழுக்க ட்யூப் லைட், பாதி எடத்துல எர்த்தே கெடையாது, சிங்கிள் காயில் பிக்கப் இது எல்லாத்தயும் ஏரியல் மாதிரி வாங்கி "ஜீ"ன்னு பாடும். எவ்ளோ விலை குடுத்தாலும் பாடும். ரிவர்ஸ் சுத்து நடு பிக்கப் இருக்கறதால ரெண்டாவது, நாலாவது பொசிஷன்ல மட்டும் ஹம் அடங்கிடும், காப்பர் டேப் போட்டதுல மத்த பொசிஷன்ல கொஞ்சம் கொறைஞ்சுது, போகல. நான் பாட்டு இல்லாத நேரத்துல வால்யூம சுருட்டிடுவேன், இல்லன்னா நாலாவதுல நிப்பாட்டிடுவேன். ஹம்மே ஆகாதுன்னா ஹம்பக்கர் போங்க, கிப்சன் கிட்டார் கம்பெனில சேத் லவர் 50கள்ல அத கண்டுபிடிச்சதே இந்தத் தொல்லைக்குத்தான், ஆனா ஸ்ட்ராட் சவுண்டு கிடைக்காது, ரெண்டும் வேணும்னா முடியாது.

எஸ்எஸ்எல்-1ல காந்தக் கம்பி ஏத்த இறக்கமா இருக்கும், ஜி ஸ்ட்ரிங் கம்பி உயரமா நிக்கும். 50கள்ல ஜி ஸ்ட்ரிங் மேல இன்னொரு கம்பி சுத்தின வகையா இருந்துச்சு, அதுக்கு வாகா வச்ச டிசைன், அதே பழைய டிசைன்தான் இது. நாம இப்ப போடறது வெறும் கம்பி ஜி, அதனால அது மட்டும் கொஞ்சம் முந்திக்கிட்டுக் கேக்கும். எனக்கு அது பிடிச்சிருக்கு, லீட் வாசிக்கும்போது நல்லா முன்ன வருது. பிடிக்காதுங்கறவங்க சமமா இருக்கற எஸ்எஸ்எல்-2 பாருங்க.

உயரம். இதுல நான் ரெண்டு வாரம் செலவு பண்ணேன், செலவு பண்ணணும். பிக்கப்ப ஸ்ட்ரிங் கிட்ட தூக்கினா சத்தம் கூடும்னு எல்லாரும் தூக்கறோம், அல்நிகோ கம்பி ஒவ்வொண்ணும் காந்தம், ரொம்பக் கிட்ட போனா ஸ்ட்ரிங்க இழுக்கும், கீழ் இ ஸ்ட்ரிங்க மேல் ஃப்ரெட்ல பிடிச்சா ஒரு நோட்டு ரெண்டா பிரிஞ்சு அலையடிக்கும், எவ்ளோ ட்யூன் பண்ணாலும் சேராது. ஃபெண்டர் பழைய வகை பிக்கப்புக்கு சொல்ற கணக்கு, கடைசி ஃப்ரெட்ட அமுக்கிட்டு பேஸ் பக்கம் 2.4 மிமீ, ட்ரெபிள் பக்கம் 2 மிமீ. நான் அங்க ஆரம்பிச்சு நெக் பிக்கப்ப இன்னும் அரை மிமீ எறக்கி வச்சேன். இப்ப உண்மைய சொல்றேன், எல்லாம் முடிச்சப்புறம் ஒரு சந்தேகத்துல பழைய பிக்கப் இருந்த போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், அது ஸ்ட்ரிங்க கிட்டத்தட்ட தொட்டுட்டு இருந்திருக்கு. 7 வருஷமா. ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ரெண்டு சுத்து எறக்கிருந்தா பாதி குத்தல் அன்னிக்கே போயிருக்கும். அதுக்காக புது பிக்கப் வீண்னு சொல்ல மாட்டேன், நாலாவது பொசிஷன் சவுண்டு எந்த ஸ்க்ரூ டிரைவர்லயும் வராது, ஆனா நான் போன வரிசை தலைகீழ்.

ஆடில மொத பெரிய கச்சேரி. நாலு மணி நேரம், ராத்திரி ஒரு மணி வரைக்கும். மைக்செட் அண்ணன் என் சேனல்ல கைய வச்சாரு, ஹை-யை தேடினாரு, ஏற்கனவே நேரா நின்னுட்டிருந்துச்சு, கைய எடுத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல, அவருக்கு அதுதான் பாராட்டு. பாடற அக்கா இடைவேளைல டீ குடிச்சுட்டே "இன்னிக்கு நீ ட்யூனரே எடுக்கலயே தம்பி, பேட்டரி தீந்துடுச்சா?"ன்னு கேட்டாங்க. கூட்டத்துல யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது, அவங்களுக்கு பாட்டுதான் முக்கியம், அது சரியும்கூட.

யாரு வாங்கலாம்னு கேட்டா: ரெண்டு வருஷத்துக்குள்ள கத்துக்கிட்டு இருக்கற பசங்க வேணாம்ப்பா, பென்சில், ஸ்க்ரூ டிரைவர், புது ஸ்ட்ரிங் செட், இத வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காருங்க. நெக் பிடிச்சுப்போன, சவுண்டு மட்டும் பிடிக்காத ஒரு கிட்டார் கையில இருந்தா பிக்கப் தாராளமா மாத்தலாம், கிட்டார வித்தா அந்தக் காசு திரும்பி வராது, பழைய பிக்கப்ப பத்திரமா வச்சிருந்தா விக்கும்போது அத போட்டுட்டு இத அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கலாம். பிரிட்ஜ், உங்க சேடில் துருப்பிடிச்சிருந்தாலோ, ஸ்ட்ரிங் அங்க அறுந்தாலோ மாத்துங்க, சஸ்டைன் கூடும்னு யாராச்சும் சொன்னா அவங்கள கண்ண மூடிட்டு ரெண்டு ரெக்கார்டிங் கேக்கச் சொல்லுங்க. வேலை தெரியாதவங்க பிக்கப் வேலைய கடைல குடுக்கலாம், ஆனா உயரம் நீங்களே வைங்க, உங்க கை எவ்ளோ ஓங்கி அடிக்கும்னு கடைக்காரருக்குத் தெரியாது.

நான் பழசப் பத்திரமா வச்சனான்னா, இல்ல. பழைய மூணு பிக்கப்பும் அந்த பிஸ்கட் ப்ளாக் பிரிட்ஜும் எங்க தெரு கடைசில ஒரு பையன் கிட்ட குடுத்துட்டேன், ப்ளைவுட்ல தானே கிட்டார் பண்றான், ப்ளஸ் டூ படிக்கறான். கழட்டும்போது ஒயர ஒட்ட வெட்டிட்டேன், அவன் அதுல துண்டு ஒயர் சேத்து பத்த வைக்கணும், அந்த 25 வாட் அயனும் இப்ப அவன் வீட்லதான் இருக்கு.